லூபஸுக்கு எல்லா ஊதா விளக்கும் ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கான புற ஊதா ஒளி சிகிச்சை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் அலைநீளம் குறித்து ஒரு வரிகூட இல்லை. வெயில் பட்டாலே நோய் கிளம்பும் ஒருவரை விளக்கின் கீழ் நிறுத்தும் சிகிச்சை இது. அலைநீளத்தைச் சொல்லாமல் இதைப் பேசவே கூடாது.

ஆய்வுகளில் பலன் தெரிந்தது யூவிஏ எனும் நீண்ட அலைநீளப் புற ஊதா ஒளியில், யூவிஏ1 என்ற 340–400 நானோமீட்டர் பகுதியில், அதுவும் மிகக் குறைந்த அளவில். நெதர்லாந்தின் லெய்டனில் 2001இல் வெளியான ஆய்வில் சதுர சென்டிமீட்டருக்கு 6 ஜூல், வாரம் 5 நாள், 3 வாரம் கொடுத்தார்கள். சோர்வும் நோயின் தீவிரமும் குறைந்தன. ஆனால் பங்கேற்றவர்கள் 11 பேர்தான். வெயில் ஒவ்வாமையைச் சோதிக்க வேண்டுமென்றே தோலில் தடிப்பை வரவழைக்கும்போது கொடுக்கும் யூவிஏ அளவு 60 முதல் 100 ஜூல். மருந்துக்கும் சோதனைக்கும் உள்ள தூரம் அவ்வளவே.

விளக்கின் திறன் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் என்றால் 6 ஜூலுக்கு 10 நிமிடம். 20 என்றால் 5 நிமிடம். பல்பு பழசாகத் திறன் குறையும், புதிது மாட்டினால் திடீரென்று கூடும். மீட்டரால் அளக்காமல் பழைய நிமிடக் கணக்கையே பின்பற்றுவது ஆபத்து.

அதைவிடப் பெரிய ஆபத்து, யூவிபி எனும் குறுகிய அலைநீளப் புற ஊதா ஒளியைத் தடுக்கும் வடிகட்டி பழுதாவது. தோலைச் சிவக்க வைப்பதில் யூவிபி, யூவிஏவைவிடச் சுமார் 1,000 மடங்கு வீரியமானது. வடிகட்டியில் ஒரு கீறல் வழியாக 1 சதவீதம் கசிந்தாலும் அந்தக் கசிவுதான் மொத்த விளைவையும் தீர்மானிக்கும். தோல் நிறம் மாற்றும் டேனிங் படுக்கைகள் இதற்கு உதவாததும், அவற்றின் ஒளியில் யூவிபியும் கலந்து வருவதால்தான். சொரியாசிஸுக்கும் வெண்புள்ளிக்கும் பயன்படும் 311 நானோமீட்டர் நேரோபேண்ட் யூவிபி, தோலின் ஒளி உணர்வைக் கூட்டும் சோராலன் மாத்திரையுடன் யூவிஏ தரும் பூவா சிகிச்சை இரண்டையும் லூபஸ் நோயாளிகளுக்குப் பொதுவாகத் தவிர்ப்பதே வழக்கம்.

(ஒளி சிகிச்சைக்காக 1903இல் நோபல் பெற்ற மருத்துவர் ஃபின்சென் குணப்படுத்திய ‘லூபஸ் வல்காரிஸ்’ பெயரில் ஒத்திருந்தாலும் வேறு நோய், தோலில் வரும் காசநோய். அதை இங்கே சான்றாகக் காட்ட முடியாது.)

மறுநாள் தோல் சிவக்கவில்லை என்று நிம்மதி அடையவும் வேண்டாம். லூபஸ் தடிப்பு ஒரு வாரம், சில சமயம் மூன்று வாரம் கழித்துக்கூட வரும். டாக்ஸிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மருந்துகள் தோலின் ஒளி உணர்வைக் கூட்டுபவை. தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். லூபஸுக்காக எடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயினையோ ஸ்டீராய்டையோ விளக்கை நம்பித் தாமாக நிறுத்துவது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறிப்பாக, உயிருக்கே உலை வைக்கும்.

இப்படிக்கு,
தோல்நோய் ஒளிசிகிச்சைப் பிரிவினர்