பாட்டுக்குக் கதை சொல்லும் பண்பலை அறிவிப்பாளர்களுக்கு

வணக்கம்.

எங்கள் வீட்டு அடுப்படியில் காலை எட்டு மணிக்கு உங்கள் குரல்தான். பாட்டு பிறந்த கதையை நீங்கள் சொல்லும்போது தாளிப்பு கருகினாலும் கவனிக்க மாட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். தயாரிப்பாளரோடு கோபித்துக்கொண்டு எழுந்த கவிஞர், வாசற்படியிலேயே பல்லவியைச் சொன்னார் என்று போன வாரம் ஒரு நிலையத்தில் கேட்டேன். இரண்டு மாதம் முன்பு வேறொரு நிலையத்தில் அதே கோபம், அதே வாசற்படி. கவிஞரும் பாட்டும்தான் வேறு.

சுவைக்காகச் சேர்க்கிறீர்கள், சரி. உண்மைக் கதைகளே போதுமான சுவையோடு கிடக்கின்றன. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘யெஸ்டர்டே’ மெட்டு, அதன் பாடகர் பால் மெக்கார்ட்னிக்குத் தூக்கத்தில் வந்தது. வரிகள் அமையும் வரை ‘முட்டைப் பொரியல்’ என்று பாடித்தான் அந்த இடத்தை நிரப்பி வைத்திருந்தார். அதை நீங்கள் சொன்னபோது நன்றாகச் சிரித்தேன்.

அப்புறம் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ ஒலித்தது. ‘லயன் கிங்’ படத்தில் டிமோனும் பும்பாவும் பாடுவார்களே, அதுதான். “இது ஒரு ஆப்பிரிக்க நாட்டுப்பாடல்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இந்தக் கடிதமே அந்த ஒரு வரிக்காகத்தான்.

அந்தப் பாட்டை உண்டாக்கியவருக்குப் பெயர் உண்டு: சாலமன் லிண்டா. ஜூலு இனத்தவர். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் காலோ இசைத்தட்டு நிறுவனத்தில் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்தவர். 1939இல் தன் ‘ஈவினிங் பேர்ட்ஸ்’ குழுவோடு அதே நிறுவனத்தில் ‘ம்பூபே’ என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ஜூலுவில் ம்பூபே என்றால் சிங்கம். மூன்றாவது முறை பாடியபோது, முடிவில் யோசிக்காமல் உச்சக் குரலில் சில ஸ்வரங்களை இழுத்தார். உலகமே பிறகு முணுமுணுத்த மெட்டு அந்தச் சில நொடிகளில் பிறந்ததுதான். உரிமைக்கு அவர் கையில் வந்தது 10 ஷில்லிங்.

இசைத்தட்டு அமெரிக்காவுக்குப் போய் பீட் சீகர் என்ற பாடகர் கையில் கிடைத்தது. பாட்டில் வரும் ‘ஊயிம்பூபே’, அதாவது ‘நீ சிங்கம்’, அவர் காதில் ‘விமோவே’ என்று விழுந்தது. அவருடைய ‘வீவர்ஸ்’ குழு அப்படியே பாடிப் புகழ் பெற்றது. 1961இல் ‘டோக்கன்ஸ்’ குழு ஆங்கில வரிகளோடு பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எழுதியவர்கள் பட்டியலில் லிண்டா இல்லை. மறு வருடமே அவர் ஏழையாக இறந்தார். கல்லறைக்கு ஒரு கல் நட அவர் மனைவியிடம் பணமில்லை; அதற்கே பல வருடங்கள் ஆயின.

இதற்கு மேலும் கதை இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. பிரிட்டிஷ் காலத்து 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விதி: படைப்பாளி இறந்து 25 ஆண்டுகள் ஆனால், அவர் விற்றுவிட்ட உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும். தூசி படிந்து கிடந்த அந்த விதியைப் பிடித்துக்கொண்டு 2004இல் லிண்டா தரப்பு, ‘லயன் கிங்’ எடுத்த டிஸ்னி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 2006இல் சமரசம் ஆனது. குடும்பத்துக்குப் பணம் வந்தது, லிண்டாவின் பெயரும் பாட்டில் ஏறியது.

நாட்டுப்பாடல் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் வார்த்தைக்குள் இப்படி ஒரு ஆள் ஒளிந்திருக்கலாம். பழைய சிலோன் ரேடியோ ரசிகர்களைக் கேளுங்கள்: படம், எழுதியவர், இசை, பாடியவர் என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்குப் போவார்கள். அதற்குப் பத்து நொடி போதும். உங்களுக்கு அந்தப் பத்து நொடி விளம்பரத்துக்குப் போய்விடுகிறது, தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

நேயர் விருப்பம் இன்னும் உண்டுதானே? என் விருப்பம், 1939 ‘ம்பூபே’. மூன்று நிமிடம்கூட ஆகாது. போடும்போது பெயரைச் சொல்லிப் போடுங்கள்.

இப்படிக்கு,
அடுப்படியிலிருந்து ஒரு நேயர்