நல்லூர்த் தேர் வரை பொறுக்காதே, சறோ

கொழும்பு 6

அன்புள்ள சறோ,

பவா நேற்றிரவு கோல் எடுத்தாள். நீ கிணற்றடியில் மயங்கி விழுந்தது, ஈசிஜி எடுத்தது, பேஸ்மேக்கர் வைக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னது எல்லாவற்றையும் உன் மகள் வாயால்தான் நான் அறியவேண்டியிருக்கிறது. அந்தக் கோபத்தை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு முழங்கால் வலி, எங்கள் மாடிக்கு லிப்ட் வழக்கம்போலப் பழுது, மலர் டீச்சருக்குப் பேரன் பிறந்திருக்கிறான்.

“நல்லூர்த் தேர் முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்றாயாம். தேர் முடிந்தால் தீர்த்தம் என்பாய். அப்புறம் மானம்பூ, அப்புறம் கந்தசஷ்டி.

எனக்கு வந்ததேதான் உனக்கும் வந்திருக்கிறது. இரத்தக்குழாயில் கொழுப்பு அடைப்பது வேறு, இது வேறு. இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேருவதில்லை. கீழறை தன்பாட்டில் மெல்ல மெல்ல அடித்துச் சமாளிக்கிறது. அதனால்தான் உன் நாடி 40க்குக் கீழே நிற்கிறது. சில பிறஷர் குளிசைகளாலும் நாடி இறங்கும், ஆனால் டொக்டர் அவற்றை நிறுத்திப் பார்த்தும் ஏறவில்லை என்று பவா சொன்னாள். இனி இதைச் சரிப்படுத்தக் குளிசை இல்லை. கீழறையின் சமாளிப்பு சில விநாடி நின்றால் மயக்கம், கூட நேரம் நின்றால் உயிரே போகும். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை சறோ. அன்றைக்கு நீ கிணற்றுக் கட்டுக்கு வெளியே விழுந்தாய். உள்ளே விழுந்திருந்தால்? கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால்?

நெஞ்சைப் பிளந்து செய்கிற ஒப்பரேஷன் என்று நினைத்துப் பயப்படுகிறாய் போலிருக்கிறது. நெஞ்சைத் திறப்பதே இல்லை. பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே விறைப்பு ஊசி போட்டு, தோலைச் சிறிது வெட்டி, இரத்தக்குழாய் வழியாக ஒன்றோ இரண்டோ வயரை இதயத்துக்குள் இறக்கி, பேஸ்மேக்கர் என்கிற அந்தச் சின்னப் பெட்டியைத் தோலுக்கடியில் வைத்துத் தைப்பார்கள். ஒரு மணித்தியாலம் அளவு பிடிக்கும். எனக்கு முழிப்பு இருந்தது, டொக்டர் தாதியோடு கதைத்ததெல்லாம் கேட்டது. வலி இல்லை, ஆனால் அழுத்துவது தெரிந்தது. அந்தப் பெட்டி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும் என்றும் நினைக்காதே. வகுப்பில் பிள்ளைகள் ஒழுங்காக இருந்தால் மொனிட்டர் வாய் திறக்கமாட்டாளே, அதுபோல இதயம் தானாக அடித்தால் அது பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். நாடி வைத்த அளவுக்குக் கீழே போனால்தான் துடிப்பைக் கொடுக்கும்.

எனக்குக் கஷ்டம் தந்தது ஒப்பரேஷன் இல்லை, அதற்குப் பிறகு கை பட்ட பாடு. வயர் உள்ளே பிடித்துக்கொள்ளும்வரை நாலைந்து கிழமைக்கு இடக்கையைத் தோளுக்கு மேலே உயர்த்தக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. இதை மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். தோளுக்குக் கீழே கையை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் கையை மார்போடு கட்டிவைத்ததுபோல இருந்தேன், தோள் இறுகிப்போய்விட்டது. பிளவுஸ் போடுவதற்கே கண்ணீர் வந்தது. பிசியோதெரபிக்கு அலைந்துதான் சரிவந்தது. ஆகவே வீட்டுக்குப் போகுமுன் நீயே கேள்: கையை எவ்வளவு அசைக்கலாம், எப்போதிருந்து, எப்படி? முன்பக்கம் கொக்கி வைத்த பிளவுஸ் கொஞ்சம் தைத்து வை. உன் தடித்த சங்கிலி காயத்தில் உரசும், கொஞ்ச நாள் கழற்றி வை.

காயம் சிவந்தாலோ, சுட்டாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, திரும்பவும் தலை சுற்றினாலோ, விக்கல் விடாமல் எடுத்தாலோ விடியட்டும் என்று பாராமல் போய்க் காட்டவேண்டும். உனக்குச் சீனி வருத்தம் இருப்பதால் புண் விஷயத்தில் இரண்டு மடங்கு கவனம். இரத்தம் இளக்கிற குளிசை எடுப்பதையும் முன்கூட்டியே டொக்டருக்குச் சொல்.

இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியதும் எனக்கு விடவே முடியவில்லை. உடலுக்குள் முதன்முதல் பேஸ்மேக்கர் வைத்தது 1958 ஒக்ரோபரில், சுவீடனில். ஆர்னே லார்சன் என்ற நோயாளிக்கு அப்போது வயது 43, ஒரு நாளில் பல தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவிதான் டொக்டரையும் பொறியியலாளரையும் விடாமல் நச்சரித்துச் செய்வித்தார். சப்பாத்துப் பொலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்த கருவி அது. முதலாவது சில மணித்தியாலத்திலேயே நின்றுபோனது, உடனே மற்றதை வைத்தார்கள். அந்த மனிதர் 26 பேஸ்மேக்கர் மாற்றி, செய்த பொறியியலாளர், வைத்த டொக்டர் இருவருக்கும் பிறகும் இருந்து, 86 வயதில் 2001 இல்தான் இறந்தார். இதயத்தால் கூட இல்லை, புற்றுநோயால். இப்போதைய பற்றறி எட்டு, பத்து வருஷம் அளவில் போகும். கிளினிக்கில் பெட்டிக்கு மேல் ஒரு கருவியை வைத்தே எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள், ஊசி இல்லை. குறையும்போது பல மாதம் முன்பே தெரிந்துவிடும்.

பவா அழுதுகொண்டு சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. உன் மாமி கட்டிலில் கிடந்ததுபோல, உயிர் பிரியாமல் பெட்டி இழுத்து வைத்திருக்கும் என்று பயப்படுகிறாயாம். அப்படி நடக்காது. காலம் வரும்போது தசை அந்தத் துடிப்புக்குப் பதில் சொல்லாது, பெட்டி தனியே என்ன செய்தாலும் இதயம் அடிக்காது. ஒரு விஷயத்தை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டும். தகனத்துக்கு முன் பெட்டியை எடுத்துவிடவேண்டும், நெருப்பில் பற்றறி வெடிக்கும். நான் என் மகனிடம் சொல்லிவிட்டேன். அவனுக்கு முகம் மாறியது, ஆனாலும் சொல்லத்தானே வேண்டும்.

மற்றவை சின்ன விஷயம். போனைச் சட்டைக்குள் செருகாதே, மறுபக்கக் காதில் வைத்துக் கதை, 15 சென்ரிமீற்றர் தள்ளியிருந்தால் போதும். மைக்ரோவேவ், கிரைண்டர் ஒன்றும் செய்யாது. இன்டக்ஷன் அடுப்புக்கு இரண்டடி விலகி நில். ஆஸ்பத்திரியில் தரும் பேஸ்மேக்கர் அட்டை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதைக் காட்டி, கையால் தடவும் கருவியைப் பெட்டிக்கு மேல் பிடிக்கவேண்டாம் என்று சொல்லலாம். எம்ஆர்ஐ எடுக்கக்கூடிய வகையா என்று வைக்கமுன்னமே கேள், முழங்காலுக்கும் முதுகுக்கும் அது ஒருநாள் தேவைப்படும். பல்லுப் பிடுங்கப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் கதிரையில் இரு. பிறஷருக்கு டொக்டர் மாற்றித் தருவதை விடாமல் எடு, பெட்டி அதற்கு மருந்து அல்ல.

யாழ்ப்பாணத்திலேயே செய்யலாமா, கொழும்புக்கு வரவேண்டுமா என்பதை இந்தக் கிழமைக்குள் டொக்டரிடம் கேட்டு முடிவெடு. வருவதானால் என்னோடு நில், முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. தனியே பஸ் ஏறாதே, பவாவோடு வா. ஈசிஜித் தாள்கள், குளிசைச் சிட்டை எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டுக்கொள். ஒடியல், பினாட்டு என்று மூட்டை கட்டாதே, அதைத் தூக்க இங்கே ஆளில்லை. அதுவரை கிணற்றடிக்குப் போகாதே, தண்ணீரைப் பவா அள்ளட்டும். டொக்டர் நாள் தந்ததும் எந்நேரமென்றாலும் எனக்குக் கோல் எடு.

அன்புடன்,
தேவகி