திரும்பி வருகிறவர்களும் மூத்த மகனும்

ஐயா,

ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கியதும் திருச்சபைகளில் ‘மனந்திரும்புங்கள்’ என்ற அழைப்பு ஓங்கி ஒலிக்கிறது. திரும்பி வருகிறவர்களை எப்படி வரவேற்கிறோம் என்ற பேச்சுதான் எழுவதில்லை. பனியன் கம்பெனியில் ஞாயிறும் ஷிப்ட் என்றாகிப்போனதால் முதலில் ஆராதனையையும் பிறகு ஜெபத்தையும் விட்டு, 9 ஆண்டுகள் விலகியிருந்த நான், தவக்காலத்தின் முதல் நாளான சென்ற சாம்பல் புதனன்று ஆலயத்தின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, ‘வழி தெரிஞ்சுதுங்களா?’ என்று மூத்த சபையார் ஒருவர் கேட்டார். (கேலியிலும் நம் கொங்கு ‘ங்க’ விடுபடவில்லை!) வேதாகமத்தில் லூக்கா 15-ஆம் அதிகாரத்தில், சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிச்சென்று கழுத்தைக் கட்டிக்கொள்கிறார், அவன் மனத்துக்குள் சொல்லிப்பார்த்து வைத்திருந்ததை முழுதாகச் சொல்லி முடிக்கவும் விடுவதில்லை. தம்பியை வரவேற்றதற்காகக் கோபித்து வீட்டுக்குள் வர மறுத்தவன் மூத்த மகன்தான். இந்த 40 நாட்களில் அவனைப் பற்றியும் ஆயர்கள் ஒரு பிரசங்கம் செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்.