அல்ஜியர்ஸ் சண்டையின் மறுபாதியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு மாணவர் இணைப்பில், 1816ல் வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் துறைமுகத்தில், கப்பல்களைக் கொள்ளையடித்து ஆட்களை அடிமையாகப் பிடித்துவந்த பார்பரி கடற்கொள்ளையரைப் பிரிட்டிஷ் கப்பற்படை அடக்கியதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். முடித்துவிட்டு, "அப்போ அடிமைங்களை எல்லாம் இங்கிலீஷ்காரங்கதான் விடுதலை பண்ணாங்களா தாத்தா?" என்று கேட்டாள். அந்தக் கட்டுரையைப் படித்த எந்தப் பிள்ளையும் அப்படித்தான் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சரக்குக் கப்பல்களில் போசனாக, அதாவது மேல்தள வேலையாட்களின் தலைவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நங்கூரமும் கயிறுமாகவே காலம் போனது. கட்டுரையில் இருந்த எதையும் பொய் என்று சொல்லமாட்டேன். அந்த வருஷம் ஆகஸ்ட் 27ஆம் தேதி லார்ட் எக்ஸ்மவுத்தின் பிரிட்டிஷ் கப்பல்களும், வான் கப்பெல்லன் என்ற டச்சுத் தளபதியின் கப்பல்களும் சேர்ந்து அல்ஜியர்ஸைத் தாக்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் வெளியே வந்தார்கள். எல்லாம் நடந்ததுதான்.

கப்பல்காரனாகப் பார்த்தால் அந்தச் சண்டை அசாத்தியமானது. காற்று லேசாகக் கடலிலிருந்து கரைப்பக்கம் வீசுகிறது. எக்ஸ்மவுத்தின் கொடிக்கப்பல் குயின் ஷார்லட், 100 பீரங்கிகள் கொண்ட மூன்றடுக்குக் கப்பல், துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை நோக்கி மெல்ல ஊர்ந்து வருகிறது. சுவர் நெடுக அல்ஜியர்ஸின் பீரங்கிகள். வழக்கம்போல அணியத்திலிருந்து, அதாவது முன்பக்கத்திலிருந்து, நங்கூரம் போட்டால் கப்பல் காற்றுக்கு முகம் காட்டிச் சுழன்றுவிடும். சுழன்று நிற்கிற வரைக்கும் குறிவைத்துச் சுட முடியாது, அடி மட்டும் வாங்கும். அதனால் பின்பக்கத்திலிருந்து நங்கூரங்களை இறக்கினார்கள். கப்பல் வந்த போக்கிலேயே, விலாப்பக்கத்துப் பீரங்கிகள் சுவரைப் பார்க்க அப்படியே நின்றது. சுவரிலிருந்து ஐம்பது கஜ தூரம்தான். அது போதாதென்று, துறைமுக வாயிலில் கரையோடு கட்டியிருந்த ஒரு சிறு கப்பலின் நடுப்பாய்மரத்தில் கயிறு எறிந்து தங்கள் கப்பலைக் கட்டிக்கொண்டார்கள். எதிரியின் வாசலில் எதிரியின் கப்பலிலேயே கயிறு கட்டுவது என்றால் அந்த மேல்தளத்தில் வேலை செய்தவர்களின் நெஞ்சுரத்தை என்னென்று சொல்வது!

அவ்வளவு பக்கத்தில் வரும் வரை கரையிலிருந்து ஒரு குண்டுகூட வரவில்லை. சுவர்மேல் கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. எக்ஸ்மவுத் தொப்பியைக் கழற்றி ஆட்டி, ஓடிப்போங்கள் என்று அவர்களுக்குச் சைகை காட்டினார். பிற்பகல் மூன்று மணிவாக்கில் கரையிலிருந்து முதல் குண்டு வந்தது. அப்புறம் இரவு பத்து மணி வரைக்கும் ஓயவில்லை. அல்ஜியர்ஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சிறு படகுகளில் புகைக்குள் புகுந்து வந்து கொடிக்கப்பலில் ஏறப் பார்த்தார்கள். பெரும்பாலான படகுகளை லீண்டர் என்ற கப்பல் சுட்டு மூழ்கடித்தது. எட்ட நின்றுபோன இம்ப்ரெக்னபிள் என்ற கப்பலில் மட்டும் 50 பேர் செத்தார்கள். மொத்தத்தில் பிரிட்டிஷ் தரப்பில் 128 பேர் சாவு, 690 பேருக்குக் காயம்; டச்சுத் தரப்பில் 13 பேர் சாவு, 52 பேருக்குக் காயம். கப்பல்கள் 118 டன் வெடிமருந்தை எரித்தன. அந்த வெடிமருந்து விழுந்த ஊரில் செத்தவர்களுக்கு இப்படி ஒரு நம்பகமான கணக்கு கிடையாது. தங்கள் கட்டுரையிலும் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

மறுநாள் காலை கப்பல்களில் குண்டும் மருந்தும் அநேகமாகக் காலி. இன்னொரு சண்டைக்குத் தெம்பு இல்லை. எக்ஸ்மவுத் அதைக் காட்டிக்கொள்ளாமல், அடிமைகளை விட வேண்டும் என்று முதல் நாள் கேட்டதையே திரும்பவும் எழுதிக் கேட்டார். அல்ஜியர்ஸின் ஆட்சியாளர் ஓமர் ஆகாவுக்கு நிலவரம் தெரியாது. தன் கப்பல்கள் எரிந்து கிடந்ததைத்தான் பார்த்தார். ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு சொல்லும்போது, ஏன் சண்டை வந்தது என்று சொல்ல வேண்டாமா? அந்த வசந்த காலத்திலேயே எக்ஸ்மவுத் அல்ஜியர்ஸ், துனிஸ், திரிபோலி மூன்று இடத்துக்கும் போய், கிறிஸ்தவர்களை அடிமையாக்குவதை நிறுத்தச் சொல்லிப் பேசியிருந்தார். மற்ற இரண்டும் சம்மதித்தன, அல்ஜியர்ஸ் தவணை கேட்டது. அப்புறம் மே மாதம், அல்ஜியர்ஸ் ஆட்சிக்கு உட்பட்ட போனா என்ற ஊரில், பவளம் எடுக்க வந்திருந்த மீனவர்கள் சுமார் 200 பேரை அல்ஜியர்ஸ் படையினர் கொன்றுபோட்டார்கள். இத்தாலியப் பக்கத்து ஏழைகள், பிரிட்டிஷ் கொடியின் பாதுகாப்பை நம்பி வந்தவர்கள். அன்று அவர்களுக்குத் திருநாள். பூசை காணக் கரையேறியிருந்த நேரம். கடலில் இறங்கிப் பிழைக்கிறவர்கள் அவர்கள். எந்த நாட்டுப் பாடத்திலும் அவர்களுக்கு இடம் இல்லை. தங்கள் கட்டுரையில் எக்ஸ்மவுத்தின் பட்டங்கள் எல்லாம் இருந்தன, இவர்கள் இல்லை.

அல்ஜியர்ஸ் சிறைக்கொட்டடியில் அடிமைகளாகக் கிடந்தவர்கள் யார்? பெரும்பாலும் சிசிலி, நேப்பிள்ஸ், சார்டினியா பக்கத்து மீனவர்கள், மாலுமிகள், கடலோரக் கிராமத்தார். ஆங்கிலேயர்கள் மிகக் குறைவு. காரணம் இருக்கிறது. பெரிய கடற்படை வைத்திருந்த பிரிட்டன் அல்ஜியர்ஸோடு எப்போதோ ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, தன் வணிகக் கப்பல்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்து அனுப்பியது. அந்தச் சீட்டு இருந்தால் கொள்ளைக் கப்பல் விட்டுவிடும். சீட்டு வாங்கிக்கொடுக்க வலுவில்லாத நாட்டுக்காரன்தான் மாட்டினான். மாட்டியவனிலும் காசு உள்ளவன் மீட்புத்தொகை கொடுத்து வெளியே போனான். மற்றவன் கல் சுமந்தான். அல்ஜியர்ஸின் கஜானாவுக்குக் கொள்ளைச் சரக்கும், காணிக்கையும், இந்த மீட்புத்தொகையும்தான் பெரிய வரும்படி. 1816 உடன்படிக்கையில், அண்மையில் வாங்கிய மீட்புத்தொகை 3,82,500 டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் என்றால் வியாபாரத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல்காரர்களுக்கு இது பழங்கதை இல்லை. 2010ல் சோமாலியக் கொள்ளையர் ஆஸ்பால்ட் வெஞ்சர் கப்பலைப் பிடித்தார்கள். மீட்புத்தொகை வாங்கிக்கொண்டு 2011ல் கப்பலை விட்டவர்கள், இந்திய மாலுமிகள் ஏழு பேரை மட்டும் விடவில்லை. அந்த ஏழு பேர் 2014 அக்டோபரில்தான் வெளியே வந்தார்கள். கப்பலில் ஆள் வைத்திருக்கும் வீடுகளில் அந்த வருஷங்களில் போன் மணி அடித்தாலே எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே அல்ஜியர்ஸ் கொட்டடியிலிருந்து ஒரு சிசிலி மீனவன் வெளியே வந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அதைச் செய்தவருக்கு அந்தப் பெருமை சேரட்டும்.

ஆனால் ஒரு பக்கம்தான் ஆள் பிடித்தது என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது. இத்தாலியில் லிவோர்னோ துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கி ஊருக்குள் போனால், பழைய துறைக்குப் பக்கத்தில் ஒரு சிலை நிற்கிறது. மேலே சலவைக் கல்லில் டஸ்கனியின் பிரபு முதலாம் ஃபெர்டினாண்டோ. கீழே பீடத்தின் நான்கு மூலைகளிலும் வெண்கலத்தில் நான்கு பேர், கைகள் முதுகுக்குப் பின்னால் சங்கிலியில். பிடித்துவரப்பட்ட முஸ்லிம் மாலுமிகள். 1620களில் பியெட்ரோ டாக்கா என்ற சிற்பி வார்த்தவை; லிவோர்னோவிலேயே அடைபட்டிருந்தவர்களைப் பார்த்துச் செய்தார் என்பார்கள். கிட்டே போய்ப் பார்த்திருக்கிறேன். ஒருவர் வயதானவர், குனிந்திருக்கிறார். இன்னொருவர் இளைஞர், கழுத்தைத் திருப்பி வானத்தைப் பார்க்கிறார். முதுகுத் தசைகூட இறுகித் தெரியும். கையைக் கட்டி உட்காரவைத்தால் தோள் எப்படி இழுபடுமோ அப்படியே வடித்திருக்கிறார் அந்தச் சிற்பி. அந்த ஊரில் புனித ஸ்தேவான் பெயரால் ஒரு கிறிஸ்தவ வீரர் சங்கம், மால்டாவில் புனித யோவான் பெயரால் இன்னொன்று. இரண்டும் முஸ்லிம் கப்பல்களைப் பிடித்து, ஆட்களை விற்றன, துடுப்பு வலிக்கச் சங்கிலியில் பூட்டின. மால்டாவில் 1798ல் நெப்போலியன் வந்து இறங்கிய பிறகுதான் அந்த அடிமைகளுக்கு விடுதலை. அல்ஜியர்ஸ் கப்பல் தலைவர்களிலும் பலர் ஐரோப்பாவில் பிறந்தவர்களே. முராத் ரயீஸ் என்று பேரெடுத்தவர் ஹாலந்தின் ஹார்லெம் ஊர்க்காரர்.

சரி, 1816க்கு வருகிறேன். அல்ஜியர்ஸ் கையெழுத்திட்ட உடன்படிக்கை கிறிஸ்தவர்களை அடிமையாக்குவதைத்தான் ஒழித்தது. அதே நகரத்து வீடுகளில், சஹாராவைத் தாண்டிக் கொண்டுவரப்பட்ட கறுப்பின அடிமைகள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி உடன்படிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. குண்டுமழை ஓய்ந்த பிறகும் அவர்கள் அடிமைகளே.

அதே வருஷம் ஏப்ரலில், எக்ஸ்மவுத் துனிஸிலும் திரிபோலியிலும் அடிமைகளை விடச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்த மாதத்தில், பார்படாஸ் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் எழுந்தார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவர் பெயர் புஸ்ஸா. அங்கே ஆட்சி பிரிட்டனுடையது. பிரிட்டிஷ் படையும் தோட்ட முதலாளிகளின் படையும் சேர்ந்து அடக்கின, நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அந்தக் கொடிக்குக் கீழே சட்டப்படி அடிமைமுறை முடிவுக்கு வர 1834 ஆனது, உண்மையில் விடுபட 1838. நம் பக்கமும் பார்க்கலாம். மதராஸ் மாகாணத்தில் நிலத்தோடு ஆளையும் விற்று வாங்கிய வழக்கத்துக்குச் சட்டத்தின் துணை இல்லாமல் போனது 1843ல். இந்த எக்ஸ்மவுத், எட்வர்ட் பெல்லூ என்ற சொந்தப் பெயரோடு, 1809 வரை சில வருஷம் கிழக்கிந்தியக் கடற்படைத் தளபதியாக மதராஸில் இருந்தவர்தான். அல்ஜியர்ஸில் அவரோடு நின்ற மிண்டென் என்ற 74 பீரங்கிக் கப்பல் பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் தேக்கில் கட்டி 1810ல் நீரில் இறக்கியது. இதையும் எழுதியிருந்தால் பிள்ளைகள் எவ்வளவு ஆசையாகப் படித்திருப்பார்கள்!

ஓமர் ஆகாவையும் கட்டுரையில் வெறும் அரக்கனாகக் காட்டிவிட்டீர்கள். பிரிட்டிஷ் தூதரைச் சங்கிலியில் போட்டவர் அவர், மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்மவுத்தின் அறிக்கையிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. சண்டைக்கு முன்னால் தூதரின் குடும்பத்தை ரகசியமாக வெளியே கொண்டுவர ஒரு கப்பல் போனது. மனைவியும் மகளும் கப்பல் பயிற்சி அதிகாரிகளின் உடையில் தப்பினார்கள். கைக்குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுத்துக் கூடையில் வைத்து மருத்துவர் தூக்கிவந்தார். ஊர்வாசலில் குழந்தை அழுதுவிட்டது. மருத்துவரும் படகுக்காரர்களுமாக அங்கே இருந்த எல்லாரையும் பிடித்து அடைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் குழந்தையை மட்டும் கப்பலுக்கு அனுப்பிவைத்தார் ஓமர் ஆகா. அவரிடம் கண்ட ஒரே மனிதாபிமானம் என்று சொல்லி, அதைப் பதிவு செய்வது தன் கடமை என எக்ஸ்மவுத் எழுதினார். எதிரியே எழுதிவைத்ததை நாம் விட்டுவிடலாமா?

சண்டை முடிந்து ஒரு வருஷத்தில் ஓமர் ஆகாவைக் கொன்றார்கள். கொள்ளையும் அன்றோடு நின்றுவிடவில்லை. 1824ல் பிரிட்டிஷ் கப்பல்கள் திரும்பவும் வந்தன. 1830ல் பிரான்ஸ் அல்ஜியர்ஸைப் பிடித்தது, 1962 வரை விடவில்லை. படையெடுப்புக்கு அவர்கள் சொன்ன நியாயங்களில் கடற்கொள்ளையை ஒழிப்பதும் ஒன்று. 'கொள்ளையரை அடக்கினார்கள்' என்று கட்டுரையை முடிக்கும்போது, அந்த 132 வருஷத்தை மறந்து முடித்ததாக ஆகிறது.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அதே மாணவர் இணைப்பில், அதே அளவு இடம் ஒதுக்கி, போனாவின் பவள மீனவர்களையும், லிவோர்னோ சிலையையும், பார்படாஸையும் வைத்து இன்னொரு கட்டுரை போடுங்கள். சிலையின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக, கீழே உள்ள நான்கு பேரின் முகமும் தெரிகிற மாதிரி போடுங்கள். முடிந்தால் காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன்பே வரட்டும். பிள்ளைகள் பள்ளியில் ஆசிரியரிடம் கேட்டுப் பேசிக்கொள்ள நாள் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் போசன் ஒருவர்,
தூத்துக்குடி.