முதல் ஆட்டத்தைக் கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒசு விளையாட்டுக்கு நான் போட்டு, நீங்கள் ஆடிப் பார்த்துக் குறை சொன்ன நம்ம மேப் ராங்க்டு ஆகிவிட்டது, அதாவது அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டுவிட்டது. ஈஸி, நார்மல், ஹார்ட், இன்சேன் என நான்கு நிலைகளும் சேர்ந்தே போயின. பார்ப்பவர்கள் எல்லாம் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். மேப்பர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருப்பதால் வரும் வினை அது. விளக்கப் பகுதியில் உங்கள் எல்லார் பெயரையும் போட்டிருக்கிறேன்தான். ஆனால் அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? அதனால் இந்த மடல்.

ஒசு ஆடாதவர்கள் கையிலும் இது சிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. பாட்டு ஓட ஓடத் திரையில் வட்டங்கள் வரும், தாளம் தப்பாமல் அவற்றை அழுத்த வேண்டும். எந்த வட்டம் எங்கே, எந்த நொடியில் வர வேண்டும் என்று உட்கார்ந்து அடுக்குவதுதான் மேப் போடுவது. 2007-இல் வந்த இந்த விளையாட்டில் ஆடுகிறவர்களே மேப் போடுகிறார்கள், ஆடுகிறவர்களே குறையும் சொல்கிறார்கள்.

ஒரே பாட்டை மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு, அடுத்த வட்டம் எங்கே வரும் என்பது என் கைக்கு மனப்பாடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் அழுத்திவிடுவேன். அதனாலேயே என் மேப்பை என்னால் ஆட முடியும், படிக்க முடியாது. படிப்பதற்கு முதன்முறையாகப் பார்க்கிற கண் வேண்டும். அது ஒரு ஆளிடம் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். இரண்டாவது ஆட்டத்திலேயே கை பழக ஆரம்பித்துவிடும். நீங்கள் ஒவ்வொருவரும் அந்த ஒரு தடவையை எனக்குக் கொடுத்தீர்கள். மிஸ் ஆன இடங்களை மறைக்காமல், ஆடியதன் பதிவான ரீப்ளேயையும் அனுப்பி வைத்தீர்கள். முதல் நன்றி அதற்கு.

01:12-இல் வரும் அந்த டிரம் உருட்டலை மறந்திருக்க மாட்டீர்கள். சரியான நேரத்தில் அழுத்தினால் 300 புள்ளி, கொஞ்சம் தப்பினால் 100. அநேகமாக எல்லா ரீப்ளேயிலும் ஒரே கதை: பீட்டின் மேல் விழும் நோட்டு (அழுத்த வேண்டிய வட்டம்) 300, அடுத்ததும் 300, அதற்கடுத்தது 100. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னீர்கள். வட்டங்களுக்கு நடுவே தூரம் அதிகம் என்றார் ஒருவர். கோணம் ரொம்பக் கூர்மை என்றார் இன்னொருவர். பின்னணிப் படம் கண்ணைக் கூசுகிறது என்றுகூட ஒரு புகார். அவர்களுக்கு நடுவே ஒருவர் மட்டும், "இந்த இடத்தில் கை தானாகப் பிந்துகிறது, வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள்" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். கேட்டேன். சதுஸ்ரமாக நான்காகப் பிரித்து வைத்த இடத்தில் டிரம்மர் வாசித்திருப்பது மூன்றாகப் பிரியும் திஸ்ரம்!

கணக்கு இதுதான். அந்த இடத்தில் பாட்டு 180 பிபிஎம் (நிமிடத்துக்கு 180 பீட்), அதாவது ஒரு பீட்டுக்கு 333 மில்லி விநாடி. அதில் நாலில் ஒன்று 83, மூன்றில் ஒன்று 111. முதல் பிரிவில் வித்தியாசம் 28தான். நேரம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் ஓடி அளவு 8-இல் 300 வாங்க இருபுறமும் சுமார் 32 வரை இடம் உண்டு என்பதால் அந்த நோட்டு தப்பித்துவிடுகிறது. அடுத்த பிரிவில் வித்தியாசம் 56 ஆகிவிட, அது மாட்டிக்கொள்கிறது. தூரத்தைக் குறைத்திருந்தாலும் கோணத்தை மாற்றியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: காரணம் ஆளுக்கு ஒன்றாக இருந்தாலும், இடத்தைக் காட்டியதில் ஒருவருக்கும் குறி தப்பவில்லை. பின்னணிப் படத்தைத் திட்டியவர் உட்பட எல்லாரும் அந்த நன்றியில் பங்காளிகள்.

கடைசிப் பல்லவி விஷயத்தில் யாரும் வாயே திறக்கவில்லை, முந்தி அழுத்தினால் இடப்பக்கமும் பிந்தினால் வலப்பக்கமும் கோடு போட்டுக் காட்டும், திரையின் அடியில் இருக்கும் பட்டைதான் பேசியது. உங்கள் ரீப்ளேக்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தால், அந்த இடம் வந்ததும் சின்னச் சின்னக் கோடுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்கின்றன. எல்லாரும் முந்தி அழுத்துகிறீர்கள் என்றால் நோட்டு பிந்தி வருகிறது என்று அர்த்தம். டிரம்மர் உற்சாகத்தில் வேகம் கூட்டியிருக்கிறார். மெட்ரோனோம் வைக்காமல் பதிவு செய்த பாட்டில் இது சகஜம். அங்கே பாட்டின் வேகத்தைக் குறிக்கும் சிவப்புக் கோடுகளைக் கூடுதலாகச் சில போட்டதும் பட்டை நடுவுக்கு வந்துவிட்டது.

எல்லா நோட்டும் முந்தி முந்தி வருகிறது என்று எழுதிய நண்பர், மறுநாளே வந்து, "வயர்லெஸ் இயர்போனில் ஆடியிருக்கிறேன், வயர் போட்டால் சரியாக இருக்கிறது, விட்டுவிடுங்கள்" என்றார். அவர் திரும்பி வராமல் இருந்திருந்தால் நான் பாட்டையும் நோட்டுகளையும் நேரத்தில் பொருத்தும் ஆஃப்செட்டைப் போட்டு உருட்டிக்கொண்டு கிடந்திருப்பேன். சொன்னதைத் திரும்பப் பெற வருகிறவர்கள் குறைவு.

ஈஸி நிலைக்கு ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. வருடக்கணக்கில் ஆடிய கைக்கு ஈஸியில் எது கஷ்டம் என்றே தெரியாது. உங்களில் ஒருவர் தன் அம்மாவை உட்காரவைத்து ஆடச் சொன்னார். அந்த அம்மா ஸ்லைடரை, அதாவது பந்தோடு கூடவே அழுத்திப் பிடித்துப் போக வேண்டிய பாதையை, கடைசிவரை பிடித்துப் போய், முடிந்தது என்று விட்டுவிட்டார். பந்து திரும்பி வந்தது. "இது எதுக்குப்பா திரும்பி வருது?" என்று அவர் கேட்டது ரெக்கார்டிங்கில் இருக்கிறது. திரும்பும் அம்புக்குறியின் மேலேயே அடுத்த வட்டம் வந்து உட்கார்ந்திருந்தது. அதைத் தள்ளி வைத்தேன். அந்த வாரம் வந்த கருத்துகளில் ஆகச் சிறந்தது அதுதான் என்பேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

00:45-ஐக் காட்டி "இதைத் தொட்டுவிடாதீர்கள்" என்று மட்டும் எழுதியவருக்கும் நன்றி. குறை சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நல்லதையும் சேர்த்து அழித்துவிடுவது மேப்பர்களின் வழக்கம். அந்த ஒரு வரி இல்லையென்றால் அங்கே வட்டங்களை அடுக்கியிருந்த அந்த பேட்டர்ன் இன்று இருக்காது.

அப்புறம், இரண்டாம் பல்லவிக்கு முன்னால் வரும் அமைதி. அங்கே குரல் மட்டும் தனியாக ஒலிக்கிறது. வெறுமையாக இருக்கிறது, ஏதாவது வையுங்கள் என்று ஒருவர் விடாமல் வாதாடினார். நான் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் நீள நீளமாக எழுதினோம், சூடும் ஏறியது. கடைசியில் "மேப் உங்களுடையது, ஆனால் நான் சொன்னது சொன்னதுதான்" என்று முடித்துவிட்டு, அதே கையோடு ஹார்ட் நிலையை முழுதாக டெஸ்ட் செய்து கொடுத்தார். இன்றும் அந்த இடம் அவருக்குப் பிடிக்காது. சரி, இருக்கட்டும். ஏன் வைக்கவில்லை என்று எனக்கே தெளிவானது அவரிடம் பதில் சொல்லித்தான்.

பாட்டைப் பயன்படுத்த அனுமதி தந்த இசைக்கலைஞருக்கும், மேப்பைச் சரிபார்த்துப் பரிந்துரைத்த நாமினேட்டர்கள் இருவருக்கும், ராங்க்டு ஆவதற்கு முந்தைய குவாலிஃபைடு நிலையில் இருந்த நாட்களில் ஹிட்சவுண்ட் (நோட்டை அழுத்தும்போது வரும் ஒலி) ஒன்று விட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கும் நன்றி.

உங்கள் மேப்புகளை அனுப்புங்கள், கடன் நிறைய இருக்கிறது. பாட்டை முன்கூட்டிக் கேட்காமல் நேராக ஆடி, எந்த நொடியில் கை தடுமாறியது என்று குறித்து, ரீப்ளேயோடு அனுப்புகிறேன். என் அடுத்த மேப் எந்தப் பாட்டுக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் போய்க் கேட்டுவிடுவீர்கள், அப்புறம் முதல் ஆட்டத்துக்கு நான் யாரைத் தேடுவது?

அன்புடன்,
உங்கள் மேப்பர்