செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டுப் போட்டி, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வழங்கியது, தீபாவளி விருந்து எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டு நான் அதிகம் பாடுபட்டது வேலையிடப் பாதுகாப்பு வகுப்புக்காகத்தான். பினாங்கின் தொழிற்பேட்டைகளான பிறையிலும் மாக் மண்டினிலும் வேலை செய்யும் நம் ஆட்கள் பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணங்களால்தான் அடிபடுகிறார்கள். எண்ணெய் சிந்திய தரையில் வழுக்குகிறது. முழங்காலை மடக்காமல் குனிந்து பெட்டியைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தடுப்பைக் கழற்றிவிட்ட கிரைண்டரில் சில்லு உடைந்து கண்ணில் பாய்கிறது.

ட்ரில் மெஷினில் கையுறை போடலாமா என்று வகுப்பில் கேட்டோம். அநேகர் போடணும் என்றார்கள். கூடாது. பயிற்சி கொடுத்த ஓய்வுபெற்ற ஆப்பரேட்டர் மெஷினை நிறுத்தி வைத்துவிட்டு, பழைய கையுறையின் பிரிந்த நூலை ட்ரில்லில் மாட்டிக் கையாலேயே மெல்லச் சுற்றிக் காட்டினார். இரண்டே சுற்றில் கையுறையின் விரல் முழுக்க உள்ளே போய்விட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி தன் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் ஒரு விஷயத்தை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். நம் உறுப்பினர் ஒருவருக்கு வேலையிடத்தில் கை நசுங்கியது. கிளினிக்கில் 'வீட்டில் விழுந்தேன்' என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் சூப்பர்வைசர். அவரும் அப்படியே சொல்லிவிட்டார். இப்படிச் சொன்னால், வேலையிட விபத்துக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் உதவி கைநழுவிப் போகும். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். எம்.சி. (மருத்துவ விடுப்பு) 4 நாளாவது இருந்தால், கணக்கிடப்படும் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு.

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. இதையெல்லாம் வகுப்புக்கு வந்தவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

வந்தவர்கள்தான் குறைவு. தீபாவளி விருந்துக்கு நாற்காலி போதவில்லை. வகுப்புக்குப் போட்ட நாற்காலிகளில் பாதி காலி. ஓவர்டைம் இருந்தது என்றால் புரிந்துகொள்வேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களைத்தான் சொல்கிறேன். செயலவையிலும் சிலர் வரவில்லை.

சரி, கணக்கு. வரவுக்கும் செலவுக்கும் ஏறக்குறைய சரியாகப் போனது. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி பல பேரிடம் இரண்டு ஆண்டாக நிற்கிறது. வகுப்புச் செலவு நன்கொடையாளர்கள் தயவில் ஓடியது.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், சமையலில் கைகொடுத்த அக்காமார்களுக்கும், பயிற்சி கொடுத்த பெரியவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இரண்டு வகுப்புகள் நடத்த விரும்புகிறேன். ஒன்று போர்க்லிப்ட் ஓடும் இடத்தில் நடப்பவர்களுக்கு, இன்னொன்று துப்புரவு வேலை செய்யும் நம் பெண்களுக்கு. இவை நடப்பது உறுப்பினர்களின் கையில் இருக்கிறது. பாக்கிச் சந்தாவை இன்றே பொருளாளரிடம் கட்டலாம். ரசீதுப் புத்தகம் அவரிடம் தயாராக இருக்கிறது. வகுப்புக்கு வர விரும்புவோர் வாசலில் உள்ள தாளில் பெயரையும் ஷிப்ட் நேரத்தையும் எழுதிவிட்டுப் போகவும்.

செயலாளர்