பேர் தெரியாத அந்த அக்காவுக்கு நன்றி

நேர்காணல் அறையில் மேசை ஓரமாக உட்கார்ந்திருந்த அக்கா, உங்கள் பேரைக் கேட்கக்கூட அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பதில் தெரியும், ஆனால் ஆங்கில வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது, பக்கத்திலிருந்தவர் அடுத்த ஃபைலை எடுக்கப் போனார், நீங்கள் அதன்மேல் கையை வைத்து "இவங்களுக்கு விஷயம் தெரியுது, வார்த்தைதான் வரல" என்று சொல்லி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினீர்கள். வரைந்து காட்டினேன். வேலை கிடைத்தது.

அப்புறம்தான் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுக்காக, வேலை விண்ணப்பங்களில் பேரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள்; வெள்ளையர் பேர் போலத் தோன்றியவற்றுக்கு, கறுப்பினத்தவர் பேர் போலத் தோன்றியவற்றைவிடச் சுமார் 50% அதிகமாக அழைப்பு வந்தது. பேருக்கே இப்படி என்றால் பேச்சுக்கு? அதே தடுமாற்றம் ஓர் ஆணுக்கு வந்திருந்தால் பதற்றம் என்று விட்டிருப்பார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சரி, எனக்கும் சலுகை உண்டு, படிக்கவைத்த வீடு இருந்தது. அதுகூட இல்லாத எத்தனையோ பேர் அந்த அறை வாசல்வரை வந்ததே இல்லை.

இப்போது நானும் ஆள் எடுக்கும் பக்கம் உட்காருகிறேன். வருகிறவர் முன்னால் முதலில் தாளையும் பேனாவையும் வைத்துவிடுகிறேன். ரொம்ப நன்றி, அக்கா.